சாந்தினிக்கு வேண்டிய ஒரு சாப்பு

லாயாங் லாயாங் என்ற ஊரில், ரயில் நிலையத்துக்கு எதிர்வரிசையில் போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். பெயர் வேலு. இருபத்திரண்டு வருடங்களாக இந்த வட்டாரத்து மக்களின் பிறப்பு, படிப்பு, நோய், சாவு எல்லாம் என் இயந்திரத்தின் கண்ணாடியில் குப்புறப் படுத்துத்தான் எழுந்து போகின்றன. ஆகவே அரசாங்கக் காகிதத்தைப் பற்றிப் பேச எனக்கு அருகதை உண்டு. கோபப்படவும் உண்டு.

நான் எழுதப்போவது யோகேஸ்வரியைப் பற்றி. பள்ளி வேன் ஓட்டுகிற பெண். விருது கொடுக்கும் சபைகளுக்கு அவர் பெயர் தெரியாது. தெரிந்து கூப்பிட்டாலும் அந்த நேரத்தில் அவர் எங்காவது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருப்பார்.

அவருடைய அப்பா வீரமுத்து பால்மரம் வெட்டியவர். ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தபோது, தோட்டத்து வரிசை வீடான லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். யோகேஸ்வரி மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை விட்டார். கூலாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தார். கணவர் இறந்த பிறகு பழைய வேன் ஒன்றை வாங்கினார். இப்போது வயது நாற்பத்தொன்பது, வேனில் பதினெட்டுப் பிள்ளைகள். எந்தப் பிள்ளை வெறும் வயிற்றோடு வருகிறது, எந்த வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வாய் கொஞ்சம் அதிகம்தான். பள்ளி வாசலில் வழியை அடைத்துக் காரை நிறுத்தும் பெற்றோர் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத நாள் கிடையாது.

சாந்தினியின் குறையை முதலில் கண்டுபிடித்தது எந்த ஆஸ்பத்திரியும் அல்ல, அந்த வேனின் ஹாரன்.

சாந்தினிக்கு அப்போது நாலு வயது. அவள் அப்பா அம்மா கமலநாதனும் மலரும் யோகேஸ்வரி இருக்கும் தாமான் குடியிருப்பில் புதிதாகக் குடிவந்திருந்தார்கள். கமலநாதன் சினாயில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர், மலர் வீட்டிலிருந்தபடி தைப்பவர். ஒரு நாள் காலை யோகேஸ்வரி வேனைப் பின்னால் எடுக்கும்போது, சாந்தினி நடுவீதியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். ஹாரன் அடித்தார். மறுபடி அடித்தார். மூன்றாவது வீட்டுக் கிழவர்கூட எட்டிப் பார்த்தார், பிள்ளை திரும்பவில்லை. யோகேஸ்வரி இறங்கிப் போய்த் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"மலரு, இந்தப் பிள்ளைக்குக் காது கேக்குதா?"

"கேக்கும்கா. கதவச் சாத்துனா திரும்பிப் பாக்குறா. பேச்சுதான் லேட்டு. இவ அப்பாவும் அஞ்சு வயசுலதான் பேசினாராம். வசம்பு உரசித் தடவிட்டுதான் இருக்கேன்."

யோகேஸ்வரி பிள்ளையின் தலைக்குப் பின்னால் நின்று பலமாகக் கை தட்டினார். ஒன்றுமில்லை. அடுத்து பலகைத் தரையில் காலால் ஓங்கி மிதித்தார். சாந்தினி சட்டென்று திரும்பினாள்.

"கதவு அதிர்றது இவ காலுக்குத் தெரியுது. காதுக்குத் தெரியல," என்றார் யோகேஸ்வரி. மலர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது அலைச்சல். காலை ஏழே காலுக்குப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கினால், பன்னிரண்டே முக்காலுக்கு மறுபடி ஏற்ற வேண்டும். நடுவில் இருக்கும் ஐந்தரை மணி நேரம்தான் யோகேஸ்வரிக்குச் சொந்தம். அந்த நேரத்தில் அவர் சமைக்கலாம், தூங்கலாம். மலரையும் பிள்ளையையும் வேனில் ஏற்றிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாகப் போனார். எந்த ஊர் அலுவலகங்கள் என்று பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் அந்த ஊர்தான் மோசம் என்று மற்றவர்கள் நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

வேண்டியது என்னவோ சுலபமானதுதான். பிள்ளைக்குக் காதுக் கருவி வேண்டும். காது கேளாத பிள்ளைகளுக்கான வகுப்பில் ஓர் இடம் வேண்டும். கருவிக்கு உதவி கொடுப்பது நலத்துறை. அதற்கு மாற்றுத்திறனாளி அட்டை வேண்டும். அட்டைக்கான பாரத்தில், அதாவது விண்ணப்பப் படிவத்தில், டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். டாக்டர் கையெழுத்துக்குக் காது சோதனை வேண்டும். வகுப்பில் இடம் கொடுப்பது கல்வி அலுவலகம், அதற்கும் அந்த அட்டை வேண்டும். வரிசையாகச் சொன்னால் எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது பாருங்கள்!

காது சோதனைக்கு ஏழு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். ஏழு மாதம் கழித்துப் போனால் பிள்ளைக்குச் சளி. சளி இருந்தால் மயக்க மருந்து கொடுத்துச் சோதிக்க முடியாதாம். மறுபடி ஐந்து மாதம். ஒரு வழியாகச் சோதனை முடிந்து, இரண்டு காதும் ஏறக்குறைய முழுதாகக் கேட்காது என்று தெரிந்தது. சரி, பாரத்தை நிரப்பலாம் என்றால், அந்த டாக்டர் புதன்கிழமை மட்டும்தான் பாரம் பார்ப்பார். பாரத்தை நலத்துறை அதிகாரி வீட்டு நிலவரத்தைக் கேட்டுக் கொடுக்க வேண்டும், அவரோ புதன்கிழமை வெளி வேலைக்குப் போய்விடுவார். வியாழக்கிழமை பாரம் கிடைத்தது. அதற்குள் டாக்டர் இரண்டு வாரப் பயிற்சிக்குப் போய்விட்டார். நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்று நம் ஆள்கள் சொன்னது இவர்களைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும்.

எனக்கு எரிச்சலே இதுதான்: ஒருவரும் கெட்டவர் இல்லை. கத்தினால் திருப்பிக் கத்துகிற கல்மனசுக்காரராக ஒருவராவது இருந்திருந்தால் ஆத்திரத்தைக் கொட்ட ஓர் இடம் இருந்திருக்கும். எல்லாரும் சிரித்த முகம். எல்லாரும் சாந்தினியின் கன்னத்தைத் தட்டினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். "எங்க பக்கம் எல்லாம் முடிஞ்சிருச்சு, பூவான். அந்தப் பக்கம்தான் கேக்கணும்" என்றார்கள். பூவான் என்றால் மலாயில் அம்மணி; மரியாதைக்குக் குறைவில்லை. அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் கேட்கச் சொன்னார்கள். ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு போன் போடுவதற்கு யார் விரலும் அசையவில்லை. போனில் போக வேண்டிய சேதியைச் சுமந்தது யோகேஸ்வரியின் வேன்தான்.

பிள்ளை ஆறு வயதைத் தொட்ட பிறகு, ஒரு புதன்கிழமை, டாக்டர் கையெழுத்துப் போட்டார். இனி நலத்துறையில் ஒரு சாப்பு, அவ்வளவுதான். சாப்பு என்றால் ரப்பர் முத்திரை. இங்கே அது விழாவிட்டால் எந்தக் காகிதமும் வெறும் காகிதம்தான்.

அடுத்து நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. மறைக்கப்போவதில்லை.

அன்று மாலை கமலநாதன் அந்தப் பாரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணே, இத லெமினேட் பண்ணிக் குடுங்க. நல்ல தடிப்பு பிளாஸ்டிக்கா போடுங்க," என்றார். நானும் போட்டேன். நாலு மூலையையும் வட்டமாக வெட்டியும் கொடுத்தேன், கையைக் கிழிக்கக்கூடாதே என்று.

படித்தவர்கள் சிரிக்கலாம். கமலநாதனின் அம்மா பேச்சியம்மாள் இந்த மண்ணில் பிறந்தவர். எஸ்டேட்டில் பிறந்ததற்கு இருந்த ஒரே காகிதத்தைக் கரையான் தின்றுவிட்டது. அதற்காகவே சாகும்வரை குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு, பிறந்த நாட்டிலேயே வந்தேறியைப் போல் கிடந்தார். அப்படிப்பட்ட தாய்க்குப் பிறந்தவன் காகிதத்தைப் பிளாஸ்டிக்கில் போட்டுக் காக்காமல் என்ன செய்வான்? எங்கள் ஆள்களில் பாதிப் பேர் வீட்டில் பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம், கார் வாங்கிய ரசீதுவரை லெமினேட் செய்து அலமாரியில் கிடக்கும். பாதிக்குமேல் நான் போட்டது. பாரத்தின் அடியில் காலியாக இருந்த சாப்புக் கட்டத்தை நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

நலத்துறைக் கவுண்டரில் இருந்தவர் பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரையைப் பிளாஸ்டிக்மேல் வைத்து அழுத்தியும் பார்த்தார். மை வழுக்கிக்கொண்டு போனது. "அலமாக்! இதுல எப்படி சாப்பு போடுறது? போட்டோஸ்டேட் செல்லாது, புதுப் பாரம் கொண்டு வாங்க," என்றார். டாக்டரோ அந்த வாரம்தான் பொந்தியான் பக்கம் மாற்றலாகிப் போயிருந்தார். புது டாக்டர், நான் பார்க்காத பிள்ளைக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன், சோதனையை மறுபடி எடுங்கள் என்றார். சோதனைக்கு ஐந்து மாத வரிசை. கல்வி அலுவலகத்தில் அந்த வகுப்புக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாளுக்கு இருந்தது பதினொரு நாள். அதை விட்டால் ஒரு வருடம்.

யோகேஸ்வரி என் கடைக்கு வந்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"பிச்சு எடுக்க முடியுமா அண்ணே?"

"முடியாதும்மா. பிச்சா எழுத்தும் சேந்து வந்துரும்."

"கையெழுத்து இருக்கு, பேரு இருக்கு, பிள்ளை கண்ணு முன்னால நிக்குது. இன்னும் என்ன லா வேணும் இவங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான்.

நாலு நாள் கழித்து லோகேஸ்வரன் கடைக்கு வந்தான். எங்கள் ஊர்ப் பிள்ளை, அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிராணி, அதாவது குமாஸ்தா. அவர்கள் இயந்திரம் பழுதாம், ஓர் அறிக்கையை முப்பது பிரதி எடுத்துக் கட்டித் தர வேண்டும் என்றான். முகப்பில் கைகள் கோத்திருக்கும் படம். சிறுவர், இளையோர், குடும்பச் சேவைகளை ஒருங்கிணைக்கும் குழு, எட்டாவது கூட்டம் என்று போட்டிருந்தது. உறுப்பினர் பட்டியலைப் பார்த்தேன். ஆஸ்பத்திரி, நலத்துறை, கல்வி அலுவலகம். எனக்குக் கை நின்றுவிட்டது.

"லோகா, இவங்க மூணு பேரும் ஒண்ணாவா உக்காருவாங்க?"

"ஆமாண்ணே. பக்கத்துப் பக்கத்துலதான். பேர்ப் பலகை வைக்கிறதே நான்தான்."

"என்ன பேசுவாங்க?"

"அவங்கவங்க ரிப்போர்ட்ட அவங்கவங்க படிப்பாங்க. அப்புறம் சாப்பாடு."

நான் சாந்தினியின் கதையைச் சொன்னேன்.  கட்டிய அறிக்கைகளை லோகேஸ்வரன் ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "நாளைக்குத்தான் கூட்டம். பத்தரைக்கு டீ பிரேக்கு. கதவு திறந்துதான் இருக்கும். நான் ஒண்ணும் சொல்லல, ஆங்," என்றான்.

மறுநாள் கடையை அடைத்துவிட்டு நானும் வேனில் ஏறிக்கொண்டேன். மலரும் சாந்தினியும் முன்பே ஏறியிருந்தார்கள், கமலநாதன் விடுப்பு எடுத்து வந்திருந்தார். அவர் மடியில் அந்தப் பாரம். பிள்ளைகள் உட்காரும் சிறிய இருக்கையில் முழங்கால் இடிக்க நாங்கள் உட்கார்ந்திருந்தோம். 

கூட்டம் நடந்த மண்டபத்தில் மீ கோரிங், கறிபாப், மூன்று வகைக் கோவே பலகாரம். குளிர்சாதனம் எலும்பைத் துளைத்தது. அதிகாரிகள் தட்டோடு உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். யோகேஸ்வரி நேராக நடந்துபோய் சாந்தினியை ஒரு காலி நாற்காலியில் உட்காரவைத்தார். பாரத்தை மேசைமேல் வைத்தார். தலைவர் எழுந்து, "பூவான், இது உள் கூட்டம். பொதுமக்கள் கவுண்டருக்குத்தான் போகணும்," என்றார், மரியாதையாகத்தான்.

யோகேஸ்வரி மலாயில் பேசினார். எஸ்டேட்டில் கற்ற மலாய், சுற்றி வளைக்கத் தெரியாது. துவான் என்ற ஐயாவை மட்டும் அப்படியே விட்டுவிட்டுத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "கவுண்டருக்குப் போய்ட்டுத்தான் வர்றோம், துவான். ரெண்டு வருஷமாப் போறோம். ஆஸ்பத்திரி யாரு? கையத் தூக்குங்க. நலத்துறை? கல்வி ஆபீஸ்?"

காலையில் வேனில் பிள்ளைகளை எண்ணும் அதே குரல். என்ன மாயமோ, மூன்று பேரும் கையைத் தூக்கிவிட்டார்கள். நலத்துறை அதிகாரி கறிபாப்போடு தூக்கினார். மூன்று கைகளுக்கும் நடுவில் மூன்றடி தூரம்கூட இல்லை.

யோகேஸ்வரி கதையை முழுதாகச் சொன்னார். ஆஸ்பத்திரி அம்மா பாரத்தை எடுத்துப் பார்த்தார். கைப்பேசியில் பொந்தியான் டாக்டரை அழைத்தார். டாக்டருக்குப் பிள்ளையை நினைவிருந்தது. ஆமாம், நான்தான் கையெழுத்துப் போட்டேன், என் கோப்பில் ஒரு பிரதி இருக்குமே என்றார். கோப்பிலிருந்து பிரதி படமாக வந்தது. லோகேஸ்வரன் ஓடிப்போய் அச்செடுத்து வந்தான். உண்மைப் பிரதி என்று ஆஸ்பத்திரி அம்மா எழுதிக் கையெழுத்திட்டார். நலத்துறை அதிகாரி கையைத் துடைத்துக்கொண்டு பையைத் திறந்தார். சாப்பு பையிலேயே இருந்தது. அட்டை எண் அடுத்த நாள் வந்துவிடும் என்றார். அதுவரை இந்தப் பிரதியே போதும் என்று கல்வி அதிகாரி சாந்தினியின் பெயரை எழுதிக்கொண்டார்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தாறு நிமிடம் ஆகியிருந்தது. அவர்களுடைய டீ பிரேக்குகூட இன்னும் முடிந்திருக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இவர்கள் இதே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். சாந்தினி என் கடை வாசலில் வாய் திறந்து ஓசையில்லாமல் சிரித்துக்கொண்டு நின்ற அந்த இரண்டு வருடமும் உட்கார்ந்திருக்கிறார்கள், பக்கத்துப் பக்கத்தில், பேர்ப் பலகையோடு. எனக்கு அந்த மேசையைப் புரட்டிப்போட வேண்டும்போல் இருந்தது. மலரோ ஒவ்வொருவரிடமும் போய்க் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

தலைவர் கை தட்டினார். இதுதான் ஒருங்கிணைப்பு என்றார். பிள்ளையோடு ஒரு படம் எடுக்கலாமா, அறிக்கையில் போடலாம் என்றார்.

"படம் வேணாம், துவான்," என்றார் யோகேஸ்வரி. "பன்னெண்டே முக்காலுக்கு எனக்குப் பிள்ளைங்க வெயில்ல நிக்கும். என் வட்டாரத்துல இதே மாதிரி இன்னும் நாலு பிள்ளைங்க வீட்டுல இருக்கு. அதுங்களுக்கு அடுத்த டீ பிரேக்கு எப்போ?"

அடுத்த கூட்டத்தில் கவனத்தில் கொள்வோம் என்று தலைவர் சொன்னார். லோகேஸ்வரன் அதைக் குறிப்பில் எழுதினான்.

கருவி வர இன்னும் இரண்டு மாதம் ஆனது. பொருத்தும் நாளுக்கு நான் போகவில்லை. நடந்ததை மலர்தான் சொன்னாள். 

காதுப் பிரிவில் இருந்தது ஓர் இளம் பெண், தமிழ்ப் பெண்தான். பொறுமையாகக் கருவியைப் பொருத்தினாள். சாந்தினி மிரண்டு மலரின் மடியில் ஏறிக்கொண்டாளாம். சில ஓசைகளுக்குத் திரும்பினாள், சிலவற்றுக்குத் திரும்பவில்லை. எல்லாம் முடிந்தபின் அந்தப் பெண், கை மொழியில் நன்றாகப் படிப்பாள், பேச்சு வருவதுதான் கஷ்டம் என்றாள். நாலு வயதில் கருவி போட்டிருந்தால் ஓரளவு பேசியிருப்பாள், மூளை ஓசையைப் பழகிக்கொள்ளும் வயது கடந்துகொண்டிருக்கிறது என்றாள். அதற்குப் பிறகு மலரைப் பார்த்து, வருத்தமாகத்தான், கேட்டாள்:

"ஏம்மா, பிள்ளைய ஏன் இவ்வளவு லேட்டா கொண்டாந்தீங்க?"

மலர் தலையைக் குனிந்துகொண்டாள். "தப்புதாங்க," என்றும் சொல்லிவிட்டாள். வசம்பு தடவிக்கொண்டு இருந்துவிட்டேன், பாரத்தைப் பிளாஸ்டிக்கில் போட்டுவிட்டோம், எல்லாம் எங்கள் தப்பு என்று அவளுக்குள்ளேயே ஒரு கணக்கு ஓடியிருக்கிறது. இரண்டு வருடம் ஒரு நாள் தவறாமல் வரிசையில் நின்றவள் அவள்.

அந்தப் பெண் பாரத்தில் ஏதோ எழுதினாள். பின்னால் நின்ற யோகேஸ்வரி குனிந்து பார்த்தார். தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில், குடும்பத்தார் தாமதமாகக் கொண்டுவந்தனர் என்று மலாயில் இருந்தது.

"அத அடிங்க, தங்கச்சி."

"அக்கா, இது சும்மா ரிக்கார்டுக்குத்தான்..."

"ரிக்கார்டுக்குத்தான் அடிக்கச் சொல்றேன். நாளைக்கு இந்தப் பிள்ளை பெரியவளாகி இதப் படிப்பா. எங்கம்மாதான் என்னைக் கவனிக்காம விட்டுட்டாங்கன்னு நெனப்பா. இவ லேட்டா வரல. பிள்ளைக்கு நாலு வயசு ரெண்டு மாசத்துலயே உங்க வாசல்ல வந்து நின்னா. வந்த தேதி அத்தனையும் உங்க சாப்போட இவ அப்பாயின்மென்ட் அட்டையில இருக்கு, எடுத்துப் பாருங்க. ஒரு மேசையிலேர்ந்து பக்கத்து மேசைக்கு வர்றதுக்குத்தான் ரெண்டு வருஷம் ஆச்சு."

வெளியே நோயாளிகள் எண் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தார்கள். யோகேஸ்வரி நகரவில்லை. மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. அவர் வேன் ஓட்டத் தொடங்கிய பிறகு பள்ளிப் பிள்ளைகள் காத்து நின்றது அந்த ஒரு நாள்தான் என்று பின்னால் தெரிந்தது.

அந்தப் பெண் அட்டையை வாங்கித் தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எழுதிய வரியின்மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். "வேற என்னக்கா எழுதணும்?" என்று கேட்டாள்.

யோகேஸ்வரி சொல்லச் சொல்ல எழுதினாள். கட்டம் போதவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுதினாள்.